ட்ரை போட்டவர்கள் எப்படித் தோற்றார்கள்?

கேள்வி: பாரிஸில் இருக்கிற அண்ணா 2023 றக்பி உலகக்கிண்ண இறுதிப்போட்டியை நேரில் பார்த்தவர். நியூசிலாந்தை நடுவர்தான் தோற்கடித்தார் என்று இன்றைக்கும் போனில் சத்தம் போடுகிறார். அந்த ஆட்டத்தின் ஒரே ட்ரை (பந்தை எதிரணியின் கோட்டுக்கு அப்பால் நிலத்தில் ஊன்றுவது) நியூசிலாந்துடையது, பிறகு எப்படித் தென்னாபிரிக்கா வென்றது? அதை டெஸ்ட் மேட்ச் என்றும் சொல்கிறார். ஒரே இரவில் முடிகிற டெஸ்டா?

– ஒரு வாசகர், முள்ளியவளை

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன் தம்பி. றக்பியில் இரண்டு நாடுகளின் தேசிய அணிகள் மோதினாலே டெஸ்ட்தான், 80 நிமிடம். ஐந்து நாள், தேநீர் இடைவேளை எல்லாம் கிரிக்கெட்காரருக்கு.

சரி, அண்ணாவிடம் வருவோம். முடிவு 12–11. தென்னாபிரிக்காவின் 12 புள்ளியும் ஹன்ட்ரே பொலார்ட் உதைத்த நாலு பெனால்டி, நாலும் முதல் பாதியில். இரண்டாம் பாதி முழுக்க அவர்கள் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. அதாவது ஆட்டம் போனது இடைவேளைக்கு முன்னரே. பெனால்டி சும்மா கிடைக்காது, எதிரணி பிழை விட்டால்தான் கிடைக்கும், அதையும் நியூசிலாந்து உதைக்கத் தோதான தூரத்தில் விட்டுக்கொடுத்தது. மூன்றாவது நிமிடத்திலேயே ஷனொன் ஃபிரிஸல் எதிரணி முன்வரிசை வீரர் ஒருவரின் காலில் போய் விழுந்தார்: மூன்று புள்ளி, ஒரு மஞ்சள் அட்டை, பத்து நிமிடம் வெளியே. 27-ஆவது நிமிடமளவில் அணித்தலைவர் சாம் கேன், ஜெஸி கிரியலை மறிக்கப்போய் நிமிர்ந்த உடம்போடு தோளால் தலையில் இடித்தார். முதலில் மஞ்சள்தான். வெளியே இருந்து காணொளி பார்த்தவர்கள் அதைச் சிவப்பாக்கினார்கள், அதாவது மிச்ச ஆட்டம் முழுக்க வெளியே. ஆண்கள் உலகக்கிண்ண இறுதியில் சிவப்பு அட்டை வந்தது அதுவே முதல் தடவை. கூட்டிக் கழித்துப் பார்த்தேன், 80 நிமிடத்தில் நியூசிலாந்தின் 15 பேரும் ஒன்றாகக் களத்தில் நின்றது ஏறத்தாழ 20 நிமிடம்தான்! இதில் நடுவர் எங்கே வந்தார்?

'தென்னாபிரிக்க அணித்தலைவர் கொலிசியும் தலையில்தானே இடித்தார், அவருக்கு மட்டும் ஏன் மஞ்சளோடு விட்டார்கள்' என்று அண்ணா அடுத்துக் கேட்பார், தெரியும். கொலிசி குனிய முயன்றார், கேன் முயலவே இல்லை. என் கண்ணுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

ஒரு இடத்தில் மட்டும் அண்ணாவின் பக்கம் நிற்கிறேன். இரண்டாம் பாதியில் ஆரன் ஸ்மித் போட்ட ட்ரையை, அதற்கு வெகு முன்னால் பந்து கை தவறி முன்னே விழுந்தது என்று சொல்லி அழித்தார்கள். பந்து விழுந்தது உண்மை. ஆனால் அவ்வளவு பின்னுக்குப் போய்த் தேட காணொளி நடுவருக்கு விதியில் இடமில்லை. அது அநியாயம்தான். ஆனால் சில நிமிடங்களிலேயே போடன் பரட் இன்னொரு ட்ரை போட்டாரே, அதையும் சொல்லவேண்டும் அல்லவா?

அந்த ட்ரை விழுந்தது இடது ஓரத்தில். ட்ரைக்கு ஐந்து, பிறகு கம்பத்துக்கு மேலால் உதைத்தால் இரண்டு, ஆனால் பந்தை எந்த இடத்தில் ஊன்றினீரோ அதற்கு நேர் பின்னால் நின்றுதான் உதைக்கவேண்டும். ஓரத்தில் நின்றால் இரண்டு கம்பமும் ஒட்டிக்கொண்டு ஒன்றுபோலத் தெரியும். றிச்சி மொவுங்கா உதைத்தது போகவில்லை. அப்புறம் 73-ஆவது நிமிடத்தில், பந்தை வேண்டுமென்றே தட்டிவிட்டதற்காகத் தென்னாபிரிக்காவின் கொல்பே மஞ்சள் அட்டையோடு வெளியே போக, கிட்டத்தட்ட 50 மீற்றரிலிருந்து ஒரு பெனால்டி. உதைத்தவர் போடனின் தம்பி ஜோர்டி பரட். எங்களுக்கு அப்போது விடியப்புறம் இரண்டு மணி தாண்டியிருக்கும், அங்கே பாரிஸில் மழை, இங்கே முற்றத்தில் தவளைச் சத்தம், காலபோக விதைப்பு அலுப்பில் வீட்டில் மற்ற எல்லாரும் நித்திரை. பந்து வெளியால் போனது.

அந்தத் தம்பியைத்தான் பாதிப் பேர் இன்னும் திட்டுகிறார்கள், மற்றப் பாதி உம்முடைய அண்ணாவைப்போல நடுவரை. எங்கள் ஊர்க் கரப்பந்தாட்டமும் இப்படித்தானே. கடைசி சேர்விஸை வலையில் அடித்தவன் ஒரு கிழமைக்கு வாசிகசாலைப் பக்கம் தலை காட்ட முடியாது, தொடக்கத்திலேயே ஏழெட்டுப் புள்ளியைச் சிரித்துச் சிரித்துக் கொடுத்தவர்கள் முன் வாங்கில் இருந்து அவனுக்கே புத்தி சொல்வார்கள்.

வென்றவர்களையும் கொஞ்சம் பார்க்கவேண்டும். பீற்றர்-ஸ்டெஃப் டு டொய்ட் என்ற ஒரு மனிதர் மட்டும் 28 தடவை ஆளை மறித்து விழுத்தினார். காலிறுதியில் பிரான்ஸை 29–28, அரையிறுதியில் இங்கிலாந்தை 16–15, பிறகு இந்த 12–11. மூன்றும் ஒரு புள்ளி வித்தியாசம். ஒரு தடவை என்றால் அதிர்ஷ்டம் என்று விடலாம்.

அடுத்த உலகக்கிண்ணம் 2027 இல் அவுஸ்திரேலியாவில். நாங்கள் பகலிலேயே பார்த்துவிடலாம், இந்த முறை நித்திரை முழிக்கவேண்டியதில்லை.