ஸ்டாலின்கிராட் ஒலிநூலில் படைப்பெயர்கள் குழம்பினால்

வணக்கம். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனிக்கும் சோவியத் ஒன்றியத்துக்கும் இடையே நடந்த ஸ்டாலின்கிராட் போர் குறித்த ஒலிநூலில் படைப்பெயர்கள் குழம்புவதால், பாதியில் நிறுத்திவிட்டுத் திகில் மிகுபுனைவுக்கே திரும்பிவிடுவதாக எழுதியிருக்கிறீர்கள். போர் வரலாற்றைக் கைவிட வேண்டாம் என்று மனமாரக் கேட்டுக்கொள்கிறேன். வோல்கா, தோன் ஆறுகளும் கலாச் நகரமும் தெரியும் நிலப்படம் ஒன்றை முதலில் அருகில் வைத்துக்கொள்ளுங்கள். 1942 நவம்பர் 19, 20 ஆகிய நாள்களில் சோவியத் படைகள், ஸ்டாலின்கிராடில் போரிட்ட ஜெர்மானிய ஆறாம் படையின் இரு பக்கங்களையும் காத்துநின்ற வலுக்குறைந்த ருமேனியப் படைகளை வடக்கிலும் தெற்கிலும் உடைத்து முன்னேறி, 23ஆம் தேதி கலாச் அருகே ஒன்றிணைந்து முற்றுகையை முழுமையாக்கின. இந்த நகர்வு மனத்தில் பதிந்துவிட்டால், மற்றப் பெயர்களுக்கு அதனதன் இடம் கிடைத்துவிடும். இந்த நகர்வைச் சொல்லும் அத்தியாயங்களை மட்டும் வேகத்தைக் கூட்டாமல், வேறு வேலையின்றி அமர்ந்து கேளுங்கள். திகில் கதையைப் பயண நேரத்துக்கு ஒதுக்கலாம். அதில் ஓரிரு பெயர்கள் தவறினாலும் அச்சம் குறையாது.