பிளட்லைனை ஒரே ஆளாகக் கணக்கு வைக்கலாமா?

கேள்வி: நாங்கள் காரிமங்கலம் பக்கத்து நண்பர்கள், ஆறு பேர். பள்ளிக்கூட நாளில் ஒன்றாக ரெஸ்லிங் கார்டு விளையாடியவர்கள். இப்போது மூன்று பேருக்கு ஓசூரில் ஷிப்ட் வேலை. பொங்கலுக்கு ஊர் வரும்போது ஆளுக்கு நாலு ரெஸ்லர், ஒரு கேங் என்று டிராஃப்ட் (முறை வைத்து ஒவ்வொருவராக ஆள் தேர்ந்தெடுப்பது) எடுக்கிறோம். பழைய ஆட்கள், புது ஆட்கள் எல்லோரும் உண்டு. போன முறை ஒருவன் ரோமன் ரெய்ன்ஸின் பிளட்லைன் கேங் மொத்தத்தையும் ஒரே தேர்வாக அள்ளிக்கொண்டான். கடைசியில் எடுத்தவனுக்கு மிச்சம் மீதிதான். பேச்சுவார்த்தையே நின்றுபோகிற அளவுக்குச் சண்டை. போன முறை எடுத்த பட்டியலையும் அனுப்பியிருக்கிறேன். இந்த முறை எப்படி நடத்துவது?

பதில்: பட்டியலைப் பார்த்ததும் எனக்கு அந்தக் கார்டுதான் ஞாபகம் வந்தது. உயரம், எடை, செஸ்ட், ரேங்க். பெரிய நம்பர் வைத்திருப்பவன் எதிராளியின் கார்டைப் பிடுங்கிக்கொள்வான். நானும் தருமபுரியில் அப்படித்தான் வளர்ந்தேன். உங்கள் ஆறு பேரும் இன்னும் அதே கணக்கில்தான் ஆள் எடுக்கிறீர்கள். டிராஃப்டுக்கு அது ஒத்துவராது. நீங்கள் சேர்ப்பது ஒரு ஷோவுக்கான ஆட்களை. யார் யாரோடு மோதினால் பார்க்க நன்றாயிருக்கும் என்பதுதான் அங்கே மதிப்பு.

அதனால் ஆள் எடுப்பதற்கு முன்பே, கடைசியில் ஜெயித்தது யார் என்று எப்படிச் சொல்லப்போகிறீர்கள் என்பதை முடிவு செய்யுங்கள். வாரா வாரம் நடக்கிற மேட்ச்சுக்குப் பாயின்ட் போடுவது ஒரு வழி. அப்படியென்றால் 2020 நவம்பரில் விடைபெற்ற அண்டர்டேக்கரையும், 2025 டிசம்பரில் கடைசி மேட்ச் ஆடிய ஜான் சீனாவையும் எடுக்கவே கூடாது. நீங்கள் எல்லாக் காலத்து ஆட்களையும் கலப்பதால் அது சரிவராது. ஆளுக்கு ஒரு இரவு ஷோ எழுதுங்கள்: ஐந்து மேட்ச், ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி கதை. நீங்கள் எடுத்த ஆட்கள் தங்களுக்குள்ளேயே மோதட்டும். ஒருவரே இரண்டு முறை வரலாம். பெயர் போடாமல் வாசித்து ஓட்டுப் போடுங்கள், தன் ஷோவுக்குத் தான் போடக்கூடாது. முதல் இடத்துக்கு 3, அடுத்ததற்கு 2, மூன்றாவதற்கு 1 பாயின்ட்.

மேட்ச் முடிவு முன்கூட்டியே தீர்மானிக்கப்படுவது என்பது நமக்கெல்லாம் தெரியும். ஆகவே வெற்றி எண்ணிக்கையை வைத்து ரெஸ்லரை எடை போட முடியாது. சாமி ஜேனைப் பாருங்கள். 2022-இல் பிளட்லைனோடு ஒட்டிக்கொண்டவர், 2023 ஜனவரியில் ராயல் ரம்பிளில் ரோமன் ரெய்ன்ஸ் முதுகில் நாற்காலியால் அடித்தார். அந்த ஒரு அடிக்காக எத்தனை மாதம் காத்திருந்தோம்! அவரைக் கடைசிச் சுற்றுவரை யாரும் தொடாமல் விட்டிருக்கிறீர்கள். எனக்கு மனசே ஆறவில்லை.

இனி பிளட்லைன் பிரச்சினை. உங்கள் நண்பர் செய்ததற்கு முன்னுதாரணம் இருக்கிறது. அமெரிக்க ரெஸ்லிங் கம்பெனி டபிள்யூ.டபிள்யூ.இ.யின் முதல் டிராஃப்ட் 2002 மார்ச் 25-இல், ஸ்மாக்டவுன், ரா என்ற அதன் இரண்டு ஷோக்களுக்கும் ஆள் பிரிக்க நடந்தது. ஸ்மாக்டவுனுக்காக வின்ஸ் மக்மஹோன் முதலில் ராக்கை எடுத்தார். ராவுக்காக ரிக் ஃபிளேர் அண்டர்டேக்கரை எடுத்தார். அப்புறம் என்.டபிள்யூ.ஓ. என்ற கேங்கைச் சேர்ந்த மூன்று பேரை ஃபிளேர் ஒரே தேர்வில் கொண்டுபோனார். அதே டிராஃப்டில்தான் டட்லி பாய்ஸ் என்ற டேக் டீமை (சேர்ந்தே சண்டை போடுகிற ஜோடியை) பிரித்து ஆளுக்கொரு பக்கம் அனுப்பினார்கள். 2016 டிராஃப்டில், டேக் டீம் என்றால் ஒரே தேர்வு, ஒருவர் மட்டும் போதும் என்று சொன்னால்தான் பிரியும் என்று விதியை முதலிலேயே அறிவித்துவிட்டார்கள். உங்களிடம் இல்லாமல் போனது அந்த அறிவிப்புதான். நண்பர்மேல் தப்பு இல்லை.

கேங் எடுப்பவர் தேதியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று வையுங்கள். இதை நான் விடாப்பிடியாகச் சொல்வேன். வெறுமனே என்.டபிள்யூ.ஓ. என்றால் யார்? 1996 ஜூலை 7-இல் ஸ்காட் ஹால், கெவின் நாஷ், மூன்றாவதாக ஹல்க் ஹோகன். அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஆள் சேர்ந்துகொண்டே போய், 1998-இல் கேங்கே இரண்டாக உடைந்தது. தேதி சொல்லாவிட்டால் அந்தக் கேங் இருந்த டபிள்யூ.சி.டபிள்யூ. கம்பெனியில் பாதியே ஒருவர் கைக்குப் போய்விடும். அந்தத் தேதியில் இருந்தவர்களிலும் மூன்று பேர்தான் கணக்கு. பிளட்லைனில் ரெய்ன்ஸும் உசோஸ் இரட்டையரும் என்றால் மூன்று முடிந்தது. சோலோ சிகோவா பொதுப் பட்டியலுக்குப் போகட்டும். பால் ஹேமன் மாதிரி மேனேஜரைச் சண்டை போடுகிற ஆளாக எண்ண வேண்டாம், கேங்கோடு சும்மா வரட்டும்.

ஒரே ஆள் இரண்டு கேங்கில் இருந்தால்? ஃபிளேர் ஃபோர் ஹார்ஸ்மென்னிலும் இருந்தார், எவல்யூஷனிலும் இருந்தார். யார் முதலில் எடுத்தாரோ அவருக்கே ஃபிளேர். எவல்யூஷன் எடுத்தவருக்கு அதனால் நஷ்டமில்லை. டிரிபிள் எச், ராண்டி ஆர்ட்டன், பட்டிஸ்டா என்று மூன்று பேர் முழுசாக இருக்கிறார்கள். அந்தக் காலத்து ஃபிளேர் வேறு, இந்தக் காலத்து ஃபிளேர் வேறு என்று வாதாட யாரையும் விடாதீர்கள்.

கடைசி ஆளுக்கு மிச்சம் கிடைத்த கதையைச் சரிசெய்வது சுலபம். ஒவ்வொரு சுற்றிலும் ஒன்றாம் ஆளிலிருந்தே ஆரம்பித்தால், நாலு சுற்றில் அவருக்கு 1, 7, 13, 19-ஆவது தேர்வு வரும். கூட்டினால் 40. ஆறாம் ஆளுக்கு 6, 12, 18, 24. கூட்டினால் 60. பாம்பு மாதிரி வளைந்து திரும்புங்கள்: முதல் சுற்று ஒன்றிலிருந்து ஆறு, அடுத்தது ஆறிலிருந்து ஒன்று. இப்போது ஒன்றாம் ஆளுக்கு 1, 12, 13, 24. ஆறாம் ஆளுக்கு 6, 7, 18, 19. இரண்டும் 50. நடுவில் இருக்கிற யாருக்குப் போட்டாலும் அதே 50 வரும்.

ஆனாலும் முதல் தேர்வுக்கும் ஆறாவது தேர்வுக்கும் இருக்கிற தூரம் பெரியது. பத்தொன்பதுக்கும் இருபத்திநாலுக்கும் அவ்வளவு இல்லை. அதனால் கேங் சுற்றைத் தனியாக, எல்லாவற்றுக்கும் முன்னால், தலைகீழ் வரிசையில் நடத்துங்கள். ஆறாம் ஆள் ரெய்ன்ஸோடு பிளட்லைனை எடுத்துக்கொண்டால், ஒன்றாம் ஆள் அதற்குப் பிறகு ராக்கையோ ஸ்டோன் கோல்டையோ யோசிக்கட்டும்.

இன்னொன்று. உங்கள் பட்டியலில் ஒரு பெண்கூட இல்லை. 2016 டிராஃப்டில் மூன்றாவதாகக் கூப்பிட்ட பெயரே சார்லட் ஃபிளேர். டிஎக்ஸ் கேங்கை சைனா இல்லாமல் நினைத்துப் பார்க்க முடியுமா? ரியா ரிப்ளி இல்லாத ஜட்ஜ்மென்ட் டே கேங் எப்படி இருக்கும்? நாலு பேரில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும் என்று விதி வையுங்கள். ஐந்து மேட்ச் எழுத உட்காரும்போது அவர்கள் அருமை தெரியும்.

ஓசூர் நண்பர்களில் யாருக்காவது அன்றைக்கு நைட் ஷிப்ட் மாட்டினால், விருப்ப வரிசைப்படி முப்பது பெயர் எழுதி இன்னொருவரிடம் கொடுத்துவிட்டுப் போகட்டும். அவர் முறை வரும்போது பட்டியலில் இன்னும் போகாத முதல் பெயரைப் படித்தால் போதும். மற்றவர்களுக்கு ஒரு தேர்வுக்கு இரண்டு நிமிடம். யார் ஒன்று, யார் ஆறு என்பதை ஒரு வாரம் முன்பே சீட்டுக் குலுக்கிப் போட்டுவிடுங்கள். கேங் பெயரும் தேதியும் யோசிக்க எல்லோருக்கும் நேரம் வேண்டும்.