லாந்தர் செய்யும் வாரத்தில் பிள்ளை யாரோடு உட்காருகிறான்?

மதுரையிலிருந்து சிங்கப்பூர் வந்து, மகனை ஜூலையில் தொடக்கநிலை 4-ல் (நாலாம் வகுப்பு) சேர்த்த தம்பி கேட்டது இது: "ஸ்கூல்ல இருந்து ரெண்டு அறிவிப்பு வந்திருக்கு. ஒண்ணு இலையுதிர்கால விழாவுக்கு லாந்தர் செய்யப் பொருள் கொண்டு வரணும்னு. இன்னொண்ணு பகடிவதைத் தடுப்பு வாரம்னு. இங்கதான் இலையே உதிரலையே, இது என்ன விழா? பையனை யாரும் கேலி பண்ணாம இருக்க நான் என்ன செய்யணும்?"

பூமத்திய ரேகைக்கு ஒரு டிகிரி மேலே இருக்கிற ஊர் இது. இலை உதிராது, தினமும் 31 டிகிரிதான். விழா சீனர்களுடையது. சந்திர நாட்காட்டியில் எட்டாம் மாதம் 15-ஆம் நாள், பௌர்ணமியில் வரும். நம் கணக்கில் செப்டம்பரிலோ அக்டோபர் முதல் வாரத்திலோ விழும். பொது விடுமுறை கிடையாது. பள்ளிகளில் லாந்தர் செய்வார்கள், மூன்கேக் வெட்டுவார்கள், கதை சொல்வார்கள். அதை ஒட்டி அக்டோபர் முதல் வெள்ளி குழந்தைகள் தினம், தொடக்கப்பள்ளிக்கு விடுமுறை. கொண்டாட்டம் முந்தின நாள் வியாழனே முடிந்துவிடும். பிறகு ஆண்டிறுதித் தேர்வு, தீபாவளி, தேர்வுக்குப் பிந்தைய நாட்கள், நவம்பர் நடுவில் பள்ளி மூடல். இதுதான் நாலாம் தவணை, பள்ளி ஆண்டின் கடைசிப் பகுதி. மொத்தமே பத்து வாரம்தான்.

உங்களுக்கு வந்த இரண்டு அறிவிப்பையும் தனித்தனியாகப் பார்க்காதீர்கள். பாடம் நடக்கும்போது பிள்ளைகள் அவரவர் நாற்காலியில் இருப்பார்கள், ஆசிரியர் கண் மேலேயே இருக்கும். கேலியும் ஒதுக்கலும் முளைப்பது குழு பிரிக்கும்போது, ரீசஸில் (இடைவேளையில்), கழிப்பறையில், மண்டபத்தில் காத்திருக்கும்போது, பஸ்ஸில். நாலாம் தவணையில் இந்த மாதிரி நேரம்தான் அதிகம். அதோடு அக்டோபர், நவம்பர் மதியங்களில் இடி மின்னல். மின்னல் எச்சரிக்கை வந்தால் திடலில் இருக்கிற அத்தனை பேரையும் உள்ளே கூட்டிவந்து மண்டபத்தில் உட்கார வைத்துவிடுவார்கள். நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு நாலைந்து ஆசிரியர்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் லாந்தர். சின்ன விஷயம் மாதிரி தெரியும், ஆனால் புதுப் பையன் ஒதுங்கி நிற்பதும் ஒட்டிக்கொள்வதும் இங்கேதான் ஆரம்பிக்கும். பல வகுப்புகளில் பழைய அங்பாவ் உறையில், அதாவது பணம் வைத்துக் கொடுக்கும் உறையில், செய்யச் சொல்வார்கள். சீனப் புத்தாண்டுக்கு வந்த சிவப்பு உறை அவர்கள் வீட்டில் கட்டுக்கட்டாக இருக்கும். ஜூலையில் வந்திறங்கிய உங்கள் வீட்டில் ஒன்றுகூட இருக்காது. "நீ ஏன் கொண்டு வரலை?" என்ற கேள்வி அங்கிருந்துதான் வரும். பக்கத்து வீட்டில் கேளுங்கள், சந்தோஷமாகத் தருவார்கள். இல்லையென்றால் நம் ஆட்கள் தீபாவளிக்குப் பணம் வைத்துக் கொடுக்கும் ஊதா உறைகளைத் தேக்காவில் (லிட்டில் இந்தியா) வாங்கிக் கொடுத்துவிடுங்கள். சிவப்பு நடுவே ஊதா லாந்தர் தனியாகத் தெரியும், நாலு பேர் வந்து என்னவென்று கேட்பார்கள். பேச்சு தொடங்க அது போதும்.

வீட்டில் ஒரு தடவை செய்து பழக்கிவிட்டு அனுப்பினால் இன்னும் நல்லது. கெட்டியான ஏ4 தாளை நீளவாக்கில் இரண்டாக மடியுங்கள். மடிப்புப் பக்கத்திலிருந்து ஒன்றரை சென்டிமீட்டருக்கு ஒரு வெட்டு. எதிர் ஓரத்துக்கு இரண்டரை சென்டிமீட்டர் இருக்கும்போது நிறுத்த வேண்டும். அங்கே பென்சிலால் ஒரு கோடு போட்டுவிடுங்கள், பிள்ளைகள் வேகத்தில் ஓரம்வரை வெட்டித் தாளைத் துண்டாக்கிவிடுவார்கள். பிரித்து, குட்டைப் பக்கங்கள் இரண்டும் சேரும்படி உருட்டினால் வெட்டுகள் செங்குத்தாக நிற்கும். ஒரு சென்டிமீட்டர் மேலேறவிட்டு மேலும் கீழும் ஸ்டேப்ளர் அடியுங்கள். பசைக்குச்சி வேண்டாம், இந்த ஊர் ஈரக்காற்றில் மதியத்துக்குள் விட்டுவிடும். மேலிருந்து மெல்ல அமுக்கினால் நடுவில் புடைத்து லாந்தராகிவிடும். வெட்டுக்கு வெட்டு இடைவெளி ரொம்ப அதிகமாகிவிட்டால் சரியாகப் புடைக்காது. உள்ளே பேட்டரி விளக்கு. பள்ளிக்கு மெழுகுவர்த்தி கொடுத்தனுப்ப வேண்டாம்.

செய்யத் தெரிந்த பையனிடம் மற்றவர்கள் வந்து கேட்பார்கள். நீங்கள் என்னதான் புத்திமதி சொல்லி அனுப்பினாலும் அந்த அளவுக்கு வேலை செய்யாது.

அடுத்தது குழு. "நாலு நாலு பேரா சேர்ந்துக்கோங்க" என்று ஆசிரியர் சொன்ன மறு நிமிடம் பழைய நண்பர்கள் சேர்ந்துவிடுவார்கள். 37 பேர் உள்ள வகுப்பில் ஒருத்தன் மிஞ்சுவான், பெரும்பாலும் கடைசியாக வந்தவன். இதற்கு முன்கூட்டியே வகுப்பாசிரியருக்கு இரண்டு வரி எழுதலாம்: மகன் ஜூலையில்தான் சேர்ந்தான், குழுக்களை நீங்களே பிரித்துக் கொடுத்தால் அவனுக்கு உதவியாக இருக்கும். ஆசிரியருக்கு இதில் கூடுதல் வேலை இல்லை, உங்கள் பையன் பெயரும் வகுப்பில் அடிபடாது. கேட்கத் தயங்காதீர்கள்.

மூன்கேக் பற்றி ஒரு சொல். சைவம் சாப்பிடுகிறவர்கள் கவனிக்க வேண்டியது உள்ளே இருக்கும் உப்பிட்ட முட்டைக் கரு. பழைய முறைப்படி செய்ததில் பன்றிக் கொழுப்பும் இருக்கலாம். முஸ்லிம் குடும்பங்கள் ஹலால் முத்திரை பார்த்து வாங்குவார்கள். "நன்றி, எங்கள் வீட்டில் இது சாப்பிட மாட்டோம்" என்று சாதாரணமாகச் சொல்லப் பழக்குங்கள். "ச்சீ" என்று முகம் சுளித்தால் அந்த முகம்தான் வகுப்புக்கு நினைவிருக்கும். நம் புளியோதரையைப் பார்த்து எவனாவது மூக்கைப் பிடித்தால் நமக்கு எப்படி இருக்கும், அதேதான். குழந்தைகள் தினத்துக்கோ தீபாவளிக்கோ தின்பண்டம் கொடுத்தனுப்புவதானால் ஆசிரியரைக் கேட்டுவிட்டு, முழு வகுப்புக்கும் அனுப்புங்கள். தொடக்கநிலை 3 முதல் ஒரு வகுப்பில் 40 பேர்வரை இருப்பார்கள். பத்துப் பேருக்கு மட்டும் கொடுத்தால் முப்பது பேரின் மனத்தாங்கலைக் காசு கொடுத்து வாங்கின மாதிரி.

இனி பகடிவதை. பிள்ளைகள் வாயில் அது "புல்லி"தான். சண்டைக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பள்ளிகள் மூன்று விஷயத்தில் பார்க்கும்: வேண்டுமென்றே செய்ததா, திரும்பத் திரும்ப நடக்கிறதா, ஒரு பக்கம் ஆளோ பலமோ அதிகமா. ஒரு நாள் பந்துக்காக நடந்த தள்ளுமுள்ளை "புல்லியிங்" என்று எழுதினால் விசாரித்துவிட்டு, இது மனத்தாங்கல்தான் என்று முடித்துவிடுவார்கள். அடுத்த முறை உண்மையாகவே நடக்கும்போது உங்கள் வார்த்தைக்கு மதிப்பு குறைந்திருக்கும். அதனால் பெயர் சூட்டாதீர்கள், நடந்ததை எழுதுங்கள்.

பையன் தானாகச் சொல்ல மாட்டான். "யாராவது அடிச்சாங்களா?" என்று கேட்டால் "இல்லை"தான் பதில். "இன்னைக்கு ரீசஸ்ல பக்கத்துல யாரு?" "வரிசையில உனக்கு முன்னாடி யாரு?" என்று கேளுங்கள். மூன்று நாள் பெயர் எதுவும் வராவிட்டால் கவனிக்கவேண்டிய கட்டம் அது. பையையும் பாருங்கள். தண்ணீர் பாட்டில் கொண்டுபோனபடியே நிறைந்து வந்தால், கழிப்பறைக்குப் போகப் பயந்து குடிக்காமல் இருக்கிறான் என்று அர்த்தமாக இருக்கலாம். ரீசஸ் காசு செலவாகாமல் திரும்புவது, அழிப்பானும் பேனாவும் வாராவாரம் தொலைவது, ஞாயிறு இரவு வயிற்றுவலி, இதெல்லாம் சேர்ந்து வந்தால் தள்ளிப்போடாதீர்கள்.

நம் ஆட்கள் கொடுக்கும் யோசனை இரண்டுதான். ஒன்று "திருப்பி அடி". அடித்தால் விசாரணையில் இரண்டு பேரும் ஒரே வரிசையில் நிற்பார்கள், முதலில் ஆரம்பித்தவன் யார் என்பது பின்னுக்குப் போய்விடும். இரண்டாவது "கண்டுக்காதே". கண்டுகொள்ளாமல் இருந்தால் வாய்க் கேலி சில சமயம் ஓயும், தள்ளுவதும் பணம் கேட்பதும் ஓயாது. பழக்க வேண்டியது ஒரே ஒரு வாக்கியம், உரத்த குரலில், நேராகப் பார்த்து: "ஸ்டாப். ஐ டோன்ட் லைக் இட்." சொல்லிவிட்டு அங்கிருந்து நகர்ந்து, ஆசிரியரிடமோ சிற்றுண்டிச்சாலையில் ரோந்து நிற்கும் மாணவத் தலைவரிடமோ போக வேண்டும். வீட்டில் நீங்கள் கேலி செய்பவனாக நடித்து ஐந்தாறு தடவை சொல்ல வையுங்கள். நம் பிள்ளைகளுக்குக் குரல் வரவே இரண்டு நாள் பிடிக்கும்.

ஏதாவது நடந்துவிட்டால் அன்று இரவே எழுதுங்கள். வகுப்பாசிரியருக்கு மின்னஞ்சல், பள்ளி இணையத்தளத்தில் முகவரி இல்லையென்றால் அலுவலகத்தில் கேட்டால் தருவார்கள். பேரன்ட்ஸ் கேட்வே செயலி பெரும்பாலும் அறிவிப்புக்கும் சம்மதப் படிவத்துக்கும்தான், புகாருக்கு அதை நம்பி இருக்காதீர்கள். ஆங்கிலத்தில் எழுதுவீர்கள், ஆனால் உள்ளே இருக்கவேண்டியது இவ்வளவுதான்:

"செவ்வாய்க்கிழமை ரீசஸில், சிற்றுண்டிச்சாலைக் கைகழுவும் இடத்தில், அதே வகுப்பு மாணவர் இருவர் (பெயர்) என் மகன் பேசும் விதத்தைப் போலச் செய்து காட்டிச் சிரித்ததாகவும், ஒருவர் தோளில் தள்ளியதாகவும் சொல்கிறான். போன வாரம் இரண்டு முறை இதே இடத்தில் நடந்திருக்கிறது. (பெயர்) பார்த்திருக்கிறார். அவன் சொன்னதை மட்டும் எழுதியிருக்கிறேன். நீங்கள் விசாரித்துவிட்டு என்னிடம் எப்போது பேச முடியும்?"

நாள், இடம், சொன்ன வார்த்தை, எத்தனை முறை, பார்த்தவர் யார் என்ற ஐந்தும் இருந்தால் ஆசிரியர் மறுநாளே பிள்ளைகளைத் தனித்தனியாகக் கூப்பிட்டுக் கேட்க முடியும். "என் பையனை எல்லாரும் டார்ச்சர் பண்றாங்க" என்று எழுதினால் அவர் யாரைப் போய்க் கேட்பார்? காயம் இருந்தால் மருத்துவரிடம் காட்டிச் சீட்டு வாங்கி வையுங்கள், படமும் எடுத்து வையுங்கள்.

விசாரணை முடிந்ததும் புதிதாக வந்தவர்கள் கோபப்படுவது ஒரு இடத்தில்: அந்தப் பையனுக்கு என்ன தண்டனை என்று பள்ளி சொல்லாது. மூடி மறைக்கிறார்கள் என்று நினைக்காதீர்கள். மற்ற பிள்ளையின் விவரத்தை உங்களிடம் சொல்ல மாட்டார்கள், நாளை உங்கள் பிள்ளை விவரத்தையும் அவர்களிடம் சொல்ல மாட்டார்கள். "சிங்கப்பூர்ல பிரம்படி உண்டே?" என்று சிலர் கேட்பார்கள். விதிப்படி பையன்களுக்கு மட்டும், முதல்வரோ அவர் அனுமதி பெற்றவரோதான் கொடுக்கலாம்; பெண் பிள்ளைகளுக்குக் கிடையாது. அதைக் கேட்டு நிற்பதில் உங்கள் பையனுக்கு ஒரு லாபமும் இல்லை. கேட்க வேண்டியது வேறு: அவன் எங்கே உட்காருவான், ரீசஸில் யாரோடு போவான், மறுபடி நடந்தால் எந்த ஆசிரியரிடம் நேரே போகலாம், பள்ளி ஆலோசகரைப் பார்க்க ஏற்பாடு செய்யலாமா, அடுத்து நாம் எந்தத் தேதியில் பேசுகிறோம். ஒரு வாரம் கழித்து ஒரு முறையும், மூன்று நான்கு வாரம் கழித்து ஒரு முறையும் பேசுங்கள். முதல் வாரம் எல்லாரும் ஒழுங்காகத்தான் இருப்பார்கள். விஷயம் நகரவில்லையென்றால் நிலைத் தலைவர் (அந்த வகுப்பு நிலைக்குப் பொறுப்பான ஆசிரியர்), துணை முதல்வர், முதல்வர், அதற்கு மேல் கல்வி அமைச்சு. படி தாண்டி நேராக அமைச்சுக்கு எழுதினால் கடிதம் பள்ளிக்கே திரும்பி வரும், நாட்கள் போகும்.

செய்யவே கூடாதது: பள்ளி வாசலில் நின்று அந்தப் பிள்ளையை நீங்கள் மிரட்டுவது. துன்புறுத்தலிலிருந்து பாதுகாக்கும் சட்டம் 2014-லிருந்து இருக்கிறது, பெரியவர் ஒருவர் பிள்ளையைப் பயமுறுத்தினால் அது உங்கள் மேலேயே பாயலாம். பெற்றோர் வாட்ஸ்ஆப் குழுவில் பெயர் போட்டு எழுதுவதும் அதே வகை.

பள்ளி பஸ்ஸிலோ மாணவர் பராமரிப்பு நிலையத்திலோ நடந்தால் அவற்றைப் பெரும்பாலும் வெளி நிறுவனங்கள் நடத்துகின்றன. இரண்டு பேருக்கும் சேர்த்து எழுதுங்கள், இல்லையென்றால் ஒருவர் மற்றவரைக் கை காட்டுவார்.

தமிழாசிரியரை மறந்துவிடாதீர்கள். தாய்மொழி நேரத்தில் வகுப்பு பிரியும்போது நம் பிள்ளைகள் சின்னக் குழுவாக இருப்பார்கள், அதனால் வாடின முகம் அவர் கண்ணில் சீக்கிரம் படும். ஆனால் அந்தத் தமிழ் வகுப்பிலும் ஒரு சிக்கல் உண்டு, அதைப் பேச நமக்குச் சங்கடம். இங்கே பிறந்த பிள்ளைகள் "இந்தியா தமிழ்" என்று புதுப் பையனைக் கேலி செய்வதும் உண்டு. மதுரையிலிருந்து வந்த பையன் அவர்கள் தட்டுத் தடுமாறித் தமிழ் வாசிப்பதைப் பார்த்துச் சிரிப்பதும் உண்டு. உங்கள் மகன் எந்தப் பக்கம் என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.

பள்ளி நேரத்தில் கைப்பேசிக்கு அனுமதி இல்லை என்பதால் கேலி இரவு எட்டு மணிக்கு அரட்டைக் குழுவுக்கு மாறிவிடும். கோபத்தில் குழுவை விட்டு வெளியேறுவதற்கு முன் நாளும் பெயரும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். உங்களிடம் சொல்ல மாட்டாதவன் வேறு யாரிடமாவது சொல்லட்டும் என்றால், சிங்கப்பூர்ச் சிறுவர் சங்கம் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்காகவே நடத்தும் டிங்கிள் ஃபிரெண்ட் எண் 1800 2744 788. குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டிவிடுங்கள், விளக்கம் வேண்டாம்.

கடைசியாக, தொடக்கநிலை 4 என்பதால் மட்டும் இது: பல பள்ளிகளில் தொடக்கநிலை 5-க்குப் போகும்போது வகுப்புகளைக் கலைத்துப் புதிதாகப் பிரிப்பார்கள். தொந்தரவு கொடுத்தவன் இருக்கும் வகுப்பில் மகன் வேண்டாம், ஒட்டிக்கொண்ட ஒரு நண்பனோடு சேர்த்துப் போட முடியுமா என்று கேட்பதானால் அக்டோபர் முடிவதற்குள் எழுத்தில் கேளுங்கள். உறுதி தர மாட்டார்கள், குறித்து வைத்துக்கொள்வார்கள். பெயர்ப் பட்டியல் வந்த பிறகு கேட்டால் மாற்றுவது கடினம்.