நைட் டியூட்டியும் ஜெப நேரமும்

சகோதரி, நைட் டியூட்டி முடிந்து வந்து முழங்காலில் நின்றதுமே தூங்கிவிடுகிறேன், அதிகாலை ஜெபமே இல்லாமல் போய்விட்டது என்று எழுதியிருந்தீர்கள். இயேசு இருட்டோடே எழுந்து ஜெபித்தார் (மாற்கு 1:35), சரி. ஆனால் தானியேல் தினம் மூன்று வேளை ஜெபித்தான். 134-ஆம் சங்கீதமோ இராக்காலங்களில் ஆலயத்தில் நிற்கிறவர்களைப் பார்த்தே பேசுகிறது; மூன்றே வசனம், எளிதில் மனப்பாடமாகிவிடும்.

டியூட்டிக்குக் கிளம்பும் முன், குளித்துத் தெளிவாக இருக்கும்போது 15 நிமிடம் ஒதுக்குங்கள். போன் வேறு அறையில் இருக்கட்டும், இது ரொம்ப முக்கியம். அப்புறம் வார்டில் ஒவ்வொரு கட்டிலைக் கடக்கும்போதும் அந்த நோயாளிக்காக மனதுக்குள் ஒரு வரி. நானும் 6 வருடம் இரவு வேலை பார்த்தவன். அந்த ஒருவரி ஜெபங்கள்தான் என்னைத் தாங்கின. காலையில் குற்றவுணர்வு இல்லாமல் தூங்குங்கள்.