டியூலிப் பார்க்கப் பர்சனல் லோனா?

கேள்வி: கோவையில் தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். பிடித்தம் போகக் கைக்கு வருவது 62,000 ரூபாய். வீட்டுக் கடன் தவணை உட்பட மாதச் செலவு 46,000. வங்கியில் அவசரத்துக்கென்று 1.1 லட்சம் இருக்கிறது. மனைவி, அம்மா, மெட்ரிக் பள்ளியில் ஏழாவதும் நான்காவதும் படிக்கும் பிள்ளைகளோடு ஏப்ரல் முதல் வாரம் ஸ்ரீநகர் டியூலிப் விழாவுக்குப் போக ஆசை. டூர் ஏஜென்சி 2 லட்சம் கேட்கிறது. இந்த மாதமே, ஜனவரிக்குள், முழுப் பணமும் கட்ட வேண்டுமாம். 14% வட்டியில் இரண்டு வருட பர்சனல் லோன் தயாராக இருக்கிறது. எல்.டி.ஏ.வில் (கம்பெனி தரும் விடுமுறைப் பயணப் படி) மிச்சமாகும் வரியே வட்டிக்குச் சரியாகிவிடும் என்கிறார் நண்பர். வாங்கலாமா?

பதில்: தாராளமாகப் போய் வாருங்கள். இந்த வருடம் வேண்டாம், கடனிலும் வேண்டாம்.

முதலில் நண்பரின் யோசனை. எல்.டி.ஏ.வுக்கான வரி விலக்கு பழைய வருமான வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டும்தான். அதுவும் பயணக் கட்டணத்துக்குத்தான்; ஓட்டல் வாடகை, சாப்பாடு, தால் ஏரியில் ஷிகாரா படகுச் சவாரி எதற்கும் கிடையாது. உங்கள் சம்பளத்துக்குப் புதிய முறையில் வரியே வராது. 12 லட்சம் வருமானம் வரை வரித் தள்ளுபடி இருக்கிறது, சம்பளக்காரர்கள் வருமானத்தில் கழித்துக்கொள்ளும் 75,000 நிலைக் கழிவு தனி. கட்டாத வரியில் எதை மிச்சம் பிடிப்பது?

லோன் தவணை மாதம் சுமார் 9,600 வரும். இரண்டு வருடத்தில் வட்டி மட்டும் 30,000-ஐத் தாண்டும். பிராசஸிங் கட்டணம் 2% என்றால் ஜி.எஸ்.டி.யோடு இன்னொரு 4,720. ஆறு நாள் சுற்றுலாவுக்கு 35,000 அதிகம் என்பதைவிட என்னை உறுத்துவது வேறு. மாதம் மிஞ்சும் 16,000-இல் பாதிக்கு மேல் இரண்டு வருடம் கட்டிப் போட்டதாகிவிடும். நடுவில் அம்மாவுக்கு ஒரு ஆஸ்பத்திரிச் செலவு வந்தால்?

இதைவிடப் பெரிய சிக்கல் பூவிடமே இருக்கிறது. ஜபர்வான் மலையடிவாரத்தில், தால் ஏரியைப் பார்த்தபடி சுமார் 30 ஹெக்டேரில் இருக்கும் அந்த டியூலிப் தோட்டம் 2007-இல் உருவாக்கப்பட்டது. இலையுதிர் காலத்தில் கிழங்குகளை நட்டு, முன்னே பின்னே பூக்கும் ரகங்களைக் கலந்து வைத்தும், மொத்தப் பருவமே மூன்று நான்கு வாரம்தான். பெரும்பாலும் மார்ச் கடைசியில் தொடங்கும். ஆனால் குளிரும் வெயிலும் எப்படி இருக்கிறது என்று பார்த்துத்தான் திறக்கும் தேதியைச் சொல்வார்கள். திடீர் வெயில் அடித்தால் பூ சீக்கிரம் உதிரும், மழை பிடித்தால் சாயும். ஆக, ஜனவரியில் உட்கார்ந்துகொண்டு எந்த ஏஜென்ட்டும் பூவுக்கு உத்தரவாதம் தர முடியாது. போதாக்குறைக்கு, நம் மெட்ரிக் பள்ளிகளுக்கு ஏப்ரலில்தான் ஆண்டுத் தேர்வு. தேதி இடித்தால் ரத்துக் கட்டணம் யார் தலையில்? பள்ளியில் விசாரித்தீர்களா என்பதைக் கடிதத்தில் சொல்லவில்லை.

அடுத்த வருடத்துக்கு இப்படிச் செய்யுங்கள். இந்த மாதமே வங்கியில் 12 மாத ஆர்.டி. (மாதாமாதம் போடும் தொடர் வைப்பு) தொடங்கி மாதம் 13,000 போடுங்கள். 6.5% கிடைத்தால் வட்டியோடு சுமார் 1.61 லட்சம். தீபாவளி போனஸ் வந்தால் அதில் 40,000-ஐ ஒதுக்கினால் 2 லட்சம் சேர்ந்துவிடும். தபால் ஆபீஸ் ஆர்.டி. இதற்கு ஆகாது, அது ஐந்து வருடக் கணக்கு. வங்கியில் இருக்கும் 1.1 லட்சத்தைத் தொடவே தொடாதீர்கள். இரண்டரை மாதச் செலவுக்குக்கூட வராத தொகை அது.

பணம் கையில் இருந்தால் வழியும் கூடும். சென்னையிலிருந்து ஜம்மு பக்கமுள்ள கத்ராவுக்கு நேர் ரயில் இருக்கிறது, கத்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கு 2025 ஜூனிலிருந்து வந்தே பாரத் ஓடுகிறது. ரயில் முன்பதிவே 60 நாளைக்கு முன்புதான் திறக்கும் என்பதால், அதற்கு மேல் முன்கூட்டி யாரிடமும் பணத்தைக் கொடுத்து வைக்கத் தேவையில்லை. அம்மாவுக்கு அத்தனை தூரம் ரயில் ஒத்துக்கொள்ளுமா என்று மட்டும் பாருங்கள். போகும்போது விமானம், வரும்போது ரயில் என்றும் வைத்துக்கொள்ளலாம்.

பிள்ளைகள் இந்த வருடமே பூ பார்க்க வேண்டும் என்றால், மே மாதம் ஊட்டி மலர்க் கண்காட்சி வீட்டு வாசலிலேயே இருக்கிறது. பள்ளி விடுமுறை, தேர்வுத் தொல்லை இல்லை. அந்த வாரம் ஊட்டியில் அறை வாடகை கேட்டால் மயக்கம் வரும். விடிகாலையில் கிளம்பி இரவு கோவை திரும்பிவிடுங்கள். சொந்த வண்டி என்றால் இ-பாஸ் எடுக்க வேண்டும், அன்றாட வாகன எண்ணிக்கைக்கு வரம்பு இருப்பதால் வார நாளாகப் பார்த்து முன்பே எடுத்துவிடுங்கள். ஆர்.டி. போக மாதம் மிஞ்சும் 3,000-இல் இரண்டு மாதம் சேர்த்தாலே இந்தச் செலவு அடங்கும்.

அடுத்த வருடமும் ஏஜென்சி வழியாகத்தான் போவதென்றால், பூக்கும் தேதி மாறினால் பயணத் தேதியைக் கட்டணமில்லாமல் மாற்றித் தருவார்களா என்று எழுத்தில் கேளுங்கள். முன்பணம் கால் பங்குக்கு மேல் கேட்டால் வேறு ஏஜென்சியைப் பாருங்கள்.