செய்த வெப்சைட்டைப் போர்ட்ஃபோலியோவில் (உங்கள் வேலைகளின் தொகுப்பில்) எப்படிக் காட்டுவது: மாக்கப்பா, வெறும் ஸ்கிரீன்ஷாட்டா?

ஸ்கிரீன்ஷாட்டை லேப்டாப் அல்லது போன் படத்துக்குள் பொருத்திக் காட்டுவதுதான் மாக்கப். தளம் நிஜத்தில் எப்படி இருக்கும் என்பது பார்த்தவுடன் பிடிபடும். ஆனால் எழுத்து சுருங்கிவிடும், பக்கத்தின் மேல்பகுதி மட்டுமே தெரியும். அதனால் முதல் படத்துக்கு மட்டும் மாக்கப் போதும்.

திருபுவனம் பட்டுக்கடையில் முதலில் முந்தானையை விரிப்பார்கள். அது பிடித்தால்தான் முழுப் புடவையும் பிரிபடும். மாக்கப் அந்த முந்தானை.

அப்புறம் முழுப்பக்க ஸ்கிரீன்ஷாட், சாய்க்காமல், நிழல் போடாமல். கும்பகோணம் பாத்திரக்கடைக்குச் செய்த தளம் என்றால், குத்துவிளக்கின் உயரம், எடை, விலை மூன்றும் 360 பிக்சல் அகலப் போன் திரையில் எப்படி அமர்கின்றன என்று தனியாகப் பெரிதாக்கிக் காட்டுங்கள். உங்கள் வேலை தெரிவது அங்கேதான். மெனு திறப்பது போன்ற அசைவுகளுக்குச் சின்ன ஸ்கிரீன் ரெக்கார்டிங். (ஒரே படத்தில் நாலைந்து போன்களை மிதக்கவிடுவது எனக்குப் பிடிப்பதில்லை.)

லைவ் லிங்க் (இயங்கிக்கொண்டிருக்கும் தளத்தின் முகவரி) கொடுத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள்; கடைக்காரர் நாளைக்கே ஆடித் தள்ளுபடி பேனரை மேலே ஒட்டிவிட்டால், பார்ப்பவர் அதையும் உங்கள் டிசைன் என்றுதான் எடுத்துக்கொள்வார், ஆகவே ஒப்படைத்த அன்று எடுத்த படங்களும் கூட இருக்கட்டும்.