கால்நடை மருத்துவம் படிக்க விரும்பும் மகள்: முன் அனுபவத்துக்கு எங்கே போவது?

கேள்வி: தொண்டிக்கு அருகே ஒரு கடலோரக் கிராமத்தில் இருக்கிறோம். கணவருக்கு மீன்பிடித் தொழில். மகள் அரசு மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் ஒன் படிக்கிறாள், உயிரியல் பிரிவு. கால்நடை டாக்டராக வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறாள். லண்டனில் இருக்கும் உறவினர் ஒருவர், ‘விலங்கு மருத்துவமனையில் வேலை பார்த்த அனுபவம் இல்லாமல் விண்ணப்பிக்கவே முடியாது’ என்கிறார். இங்கே ஒருவர் மூவாயிரம் ரூபாய் கொடுத்தால் அனுபவச் சான்றிதழ் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். வாங்கலாமா? உண்மையான அனுபவம் வேண்டுமென்றால் இந்தப் பக்கத்தில் எங்கே கிடைக்கும்? இன்னொன்று: வீட்டில் ஆறு வெள்ளாடுகள் இருக்கின்றன. மழைக்குப் பிறகு ஒன்று மட்டும் மெலிந்துகொண்டே போகிறது. தாடைக்குக் கீழே பை போலத் தொங்குகிறது. அதற்கும் ஏதாவது சொல்லுங்கள்.

பதில்: அந்த மூவாயிரத்தைக் கொடுத்துவிடாதீர்கள் அம்மா. தமிழ்நாட்டில் அந்தக் காகிதத்துக்கு ஒரு மதிப்பெண்கூடக் கிடைக்காது.

உங்கள் உறவினர் பொய் சொல்லவில்லை. அவர் இருக்கும் ஊர் வழக்கத்தைச் சொல்கிறார். பிரிட்டனில் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் பெரும்பாலும் விண்ணப்பத்துக்கு முன்பே பண்ணையிலும் மருத்துவமனையிலும் மாணவர் கொஞ்ச காலம் கழித்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கின்றன. ஆடுகள் குட்டி போடும் பருவத்தில் பண்ணைக்குப் போய் ராத்திரி கண்விழிப்பது அங்கே பள்ளி மாணவர்களுக்குப் பழகிப்போன ஒன்று. அமெரிக்காவில், கால்நடை மருத்துவரின் மேற்பார்வையில் எத்தனை மணி நேரம், பொதுவாக விலங்குகளோடு எத்தனை மணி நேரம் என்று தனித்தனியே எழுதிக் காட்ட வேண்டும்.

நம் ஊரில் கதை வேறு. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்குப் பிளஸ் டூ மதிப்பெண்தான் கணக்கு. உயிரியல் நூற்றுக்கு, இயற்பியலும் வேதியியலும் ஐம்பது ஐம்பதாகச் சுருக்கி, ஆக 200-க்குக் கட்-ஆஃப். நேர்முகத் தேர்வு கிடையாது, அனுபவம் பற்றிய கேள்வியும் கிடையாது. 15 சதவீத இடங்கள் அகில இந்திய ஒதுக்கீட்டில் நீட் மதிப்பெண்ணை வைத்து நிரப்பப்படுகின்றன. ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளியில் படித்திருந்தால் 7.5 சதவீத உள்ஒதுக்கீடும் உங்கள் மகளுக்கு உண்டு. அதற்கான பள்ளிச் சான்றை இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் அலைந்து வாங்க வேண்டிய காகிதம் அதுதான். கல்லூரி என்றால் 1903-இல் தொடங்கிய சென்னை வேப்பேரி ஒன்றுதான் என்று நினைக்க வேண்டாம். நாமக்கல், திருநெல்வேலி என்று பல இடங்களில் இருக்கின்றன. உங்களுக்குக் கிட்டத்தில் ஒரத்தநாடு.

பிறகு அனுபவம் எதற்கு? மகள் தனக்காகத் தெரிந்துகொள்வதற்கு. படிப்பு ஐந்தரை ஆண்டு. நாலரை ஆண்டு பாடம், ஓராண்டு உள்ளிருப்புப் பயிற்சி. நான் கால்நடை மருத்துவம் படித்த காலத்தில் எங்களோடு சேர்ந்த ஒருவர் நல்ல மதிப்பெண்காரர், வீட்டில் நாய்க்குட்டியைக் கொஞ்சி வளர்த்தவர். பசுவின் சினைப் பரிசோதனைக்குத் தோள்வரை கையுறை மாட்டிக்கொண்டு மலக்குடலுக்குள் கையை விட வேண்டும் என்பது கல்லூரிக்கு வந்த பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. ஒரு மாதத்தில் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டார். அவரைக் குறை சொல்லவில்லை. பள்ளி விடுமுறையில் நாலு நாள் ஒரு கால்நடை மருந்தகத்து வாசலில் நின்றிருந்தால் அவருடைய இடம் வேறொருவருக்குக் கிடைத்திருக்கும், அவ்வளவுதான்.

எங்கே நிற்பது என்றால், உங்கள் ஊருக்குப் பக்கத்திலுள்ள அரசு கால்நடை மருந்தகத்தில்தான். பள்ளி மாணவர்களுக்கென்று தனியாக ஒரு திட்டத்தைத் தேடி அலைய வேண்டாம். நீங்களும் மகளும் ஒரு காலை நேரத்தில் போய், கூட்டம் குறைந்த பிறகு, கால்நடை உதவி மருத்துவரிடம் நேரில் கேளுங்கள். ‘பத்து நாள் காலையில் வந்து ஓரமாக நின்று பார்க்கட்டுமா? எதையும் தொடமாட்டாள்’ என்று சொன்னால் பெரும்பாலானவர்கள் சரி என்பார்கள். எழுத்தில் அனுமதி வேண்டும் என்று அவர் சொன்னால், கால்நடை பராமரிப்புத் துறையின் மண்டல இணை இயக்குநர் அலுவலகம் ராமநாதபுரத்தில் இருக்கிறது. பெற்றோர் கையெழுத்திட்ட ஒரு மனு போதும். ராமநாதபுரத்திலேயே கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி மையமும் இருக்கிறது. ஆடு வளர்ப்பு, கோழி வளர்ப்பு பற்றி விவசாயிகளுக்கு அங்கே பயிற்சி நடக்கும். உங்கள் வீட்டில் ஆடு இருப்பதால் நீங்களே பெயர் கொடுத்துவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு போகலாம்.

மருந்தகத்தில் என்ன பார்ப்பது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பலர் ஊசி போடுவதையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். ஊசி கடைசியில் வருவது. அதற்கு முன்பு நடப்பதைப் பார்க்க வேண்டும்.

கடலோர மருந்தகம் ஒன்றில் நான் இருந்தபோது, பத்தாம் வகுப்பு முடித்த ஒரு பையன் விடுமுறையில் தினமும் வந்து நிற்பான். ஒரு நாள் ஒருவர் கிடாய் ஒன்றைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். வயிறு உப்பி, பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு, நிற்க முடியாமல் தள்ளாடியது. என்ன தின்றது என்று கேட்டேன். ‘ஒன்றும் தின்னவில்லை ஐயா, வழக்கம்போல மேய்ந்ததுதான்’ என்றார். சீமைக்கருவேல நெற்றை அளவுக்கு மிஞ்சித் தின்றிருக்குமோ, கடற்கரைக் குப்பையில் நைலான் நூலையும் பிளாஸ்டிக் பையையும் விழுங்கியிருக்குமோ என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். பையன் என் காதருகே வந்து, ‘ஐயா, தாடியில் சோறு ஒட்டியிருக்கிறது’ என்றான். பார்த்தால், காய்ந்துபோன இரண்டு பருக்கை, மஞ்சள் நிறத்தில். முதல் நாள் அவர் வீட்டில் கல்யாணம். மிஞ்சிய பிரியாணிச் சோற்றை அண்டாவோடு கொல்லையில் வைத்திருந்தார்கள். சொன்னால் திட்டுவேன் என்று மறைத்துவிட்டார். சோறு ஆட்டின் முதல் இரைப்பையில் வேகமாகப் புளித்து அமிலமாகிவிடும். நேரம் கடந்தால் உயிர் போய்விடும். சமையல் சோடாக் கரைசல் கொடுத்து, இரத்தக் குழாய் வழியே திரவமும் ஏற்றினோம். மறுநாள் எழுந்து நின்றது. (அந்தப் பையன் கால்நடை மருத்துவத்துக்குப் போகவில்லை. கணக்குப் படித்தான். இன்றும் எனக்கு அதில் வருத்தம் உண்டு.)

ஆகவே மகள் கையில் ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கட்டும். என்ன விலங்கு, வந்தவர் சொன்ன குறை என்ன, டாக்டர் முதலில் எதைத் தொட்டார், எதை முகர்ந்தார், என்ன கேட்டார், மூன்று நாள் கழித்து அந்த மாடு என்ன ஆனது. உடைமையாளர் பெயரை எழுத வேண்டாம். பின்னால் எந்த நாட்டுக்கு விண்ணப்பித்தாலும் தேதி போட்ட இந்த நோட்டையும், கூட நின்ற மருத்துவர் தரும் ஒரு பக்கக் கடிதத்தையும் வைத்துக்கொண்டு தைரியமாகப் பேசலாம்.

ஊசியைத் தொடவே கூடாது என்று சொல்லி அனுப்புங்கள். 1984-ஆம் ஆண்டு இந்திய கால்நடை மருத்துவ மன்றச் சட்டப்படி பதிவு பெற்ற மருத்துவர்தான் சிகிச்சை செய்யலாம். ‘ஒரு தடவை போட்டுப் பார் பாப்பா’ என்று யாராவது அன்பாகச் சொன்னாலும் மறுத்துவிட வேண்டும். கன்று வீசிய மாட்டின் நஞ்சுக்கொடியையோ விழுந்த கருவையோ வெறுங்கையால் தொடக் கூடாது. கருச்சிதைவு நோய்க் கிருமி அதன் வழியாக மனிதருக்கு வரும். திடீரென்று செத்து, மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத இரத்தம் கசியும் மாட்டின் அருகே போகவே கூடாது. அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோயாக இருக்கலாம். அறுத்துப் பார்ப்பதற்கு டாக்டரே துணியமாட்டார். நாய், பூனை வருகிற இடமென்றால், கடிபடும் முன்பே போட்டுக்கொள்ளும் ரேபிஸ் தடுப்பூசி பற்றி அரசு மருத்துவமனையில் கேளுங்கள். டெட்டனஸ் ஊசியும் நடப்பில் இருக்கட்டும்.

மருந்தகத்துக்கு வெளியேயும் பாடம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் உங்கள் ஊர்க் கறிக்கடைக்கு மகளை அனுப்புங்கள். ஈரலையும் நுரையீரலையும் காட்டச் சொன்னால் கடைக்கார பாய் காட்டுவார். பத்து ஆட்டுக்கு ஒன்றிரண்டில், நாடாப்புழுவின் இளம்பருவம் அடங்கிய நீர்க்கட்டி தெரியலாம். அந்தக் கழிவை நாய்க்கு வீசினால் நாயின் குடலில் நாடாப்புழு வளரும். அதன் முட்டை நாயின் சாணத்தோடு புல்லுக்கு வந்து மறுபடி ஆட்டுக்குப் போகும், மனிதருக்கும் வரும். கறிக்கடை, தெருநாய், மேய்ச்சல் நிலம், மனிதன் என்று ஒரு வட்டம். புத்தகத்தில் அம்புக்குறி போட்ட படமாகப் படிப்பதை அரை மணி நேரத்தில் நேரில் பார்த்துவிடலாம். இரத்தம் பார்த்தால் மயக்கம் வருமா என்பதும் அங்கேயே தெரிந்துவிடும்.

செம்மறி மந்தை மேய்க்கும் கீதாரிகளை மறந்துவிடாதீர்கள். சம்பா அறுவடை முடிந்ததும் நம் மாவட்டத்துச் செம்மறி மந்தைகள் தஞ்சைப் பக்கம் கிடை போட, அதாவது உரத்துக்காக வயலில் இரவு அடைய, கிளம்பிவிடும். அதற்கு முன்னால், தெரிந்த கிடை ஒன்றில் ஒரு நாள் முழுக்க இருக்கச் சொல்லுங்கள். நானூறு ஆட்டில் நொண்டுகிற ஒன்றைக் கீதாரி கம்பை நீட்டிக் காட்டுவார். நமக்கு எல்லாம் ஒன்று போலத்தான் தெரியும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் சிறு பூச்சிக் கடியால் பரவும் நீலநாக்கு நோயில் முகம் வீங்கி, வாய் புண்ணாகி, செம்மறி எப்படி நிற்கும் என்று அவர்கள் நடித்தே காட்டுவார்கள். கீழக்கரிசல், ராமநாதபுரம் வெள்ளை என்று இனத்தைப் பிரித்துச் சொல்லவும் அங்கே கற்றுக்கொள்ளலாம்.

கடல் பக்கம் இருக்கும் பிள்ளைகளுக்கு ஆமைக்கும் ஆவுளியா எனும் கடற்பசுவுக்கும் வைத்தியம் செய்ய ஆசை வருவது இயல்பு. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சேர்த்து 1986-இல் கடல் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். கரை ஒதுங்கும் ஆமைக்கும் ஆவுளியாவுக்கும் பிரேதப் பரிசோதனை செய்ய வனத்துறை கூப்பிடுவது பெரும்பாலும் பக்கத்து அரசு மருந்தக டாக்டரைத்தான். அதாவது காலையில் கோழிக் கழிச்சலுக்குத் தடுப்பூசி போட்டவர் மாலையில் கடற்கரையில் கத்தியோடு நிற்பார். வலையில் சிக்கியதையோ கரை ஒதுங்கியதையோ நாமாக வைத்துக்கொள்ளவோ வெட்டவோ கூடாது. சட்டப்படி குற்றம், வனத்துறைக்குச் சொல்ல வேண்டும். இன்னொன்று, மீன்வளப் படிப்பு வேறு. நாகப்பட்டினத்தில் இருக்கும் மீன்வளப் பல்கலைக்கழகம் அதற்கானது. மகள் மனம் கடலில்தான் இருக்கிறதென்றால் அதையும் யோசிக்கட்டும். ஆனால் இரண்டும் ஒன்றென்று நினைத்து விண்ணப்பம் போட்டுவிடக் கூடாது.

எப்போது என்றால், பிளஸ் ஒன் முழு ஆண்டுத் தேர்வு முடிந்ததும் பத்து நாள். பிடித்திருந்தால் பிளஸ் டூ தேர்வுக்கும் முடிவுக்கும் இடையில் ஒரு மாதம். நடுவில் வேண்டாம். ஒரு சனிக்கிழமைகூட வேண்டாம். நம் ஊரில் இடத்தைத் தீர்மானிப்பது மதிப்பெண்தான் என்று மேலே சொன்னேன் அல்லவா, அந்த ஓராண்டு வேதியியலுக்கு.

இனி உங்கள் ஆடு. கடிதத்தை வைத்து நோயைச் சொல்லமாட்டேன். மகளே பார்க்கட்டும். காலை வெளிச்சத்தில் நீங்கள் ஆட்டின் தலையை அணைத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். அவள் ஒரு பெருவிரலால் மேலிமையை மூடி, கண்விழியை மெதுவாக உள்ளே அழுத்தி, மற்றப் பெருவிரலால் கீழிமையைத் தாழ்த்தினால் உள்சவ்வு வெளியே பிதுங்கும். முதலில் நன்றாக இருக்கும் ஐந்து ஆடுகளுக்கும் பார்க்கச் சொல்லுங்கள். வெற்றிலை போட்ட உதடு போலச் சிவந்திருக்கும். பிறகு மெலிந்த ஆட்டுக்குப் பார்க்கட்டும். அது சுண்ணாம்பு போல வெளுத்திருந்தால் உடம்பில் இரத்தமில்லை என்று பொருள். மழைக்குப் பின் தாடைவீக்கத்தோடு இப்படி வந்தால், இரைப்பையில் இரத்தம் குடிக்கும் குடற்புழுவைத்தான் டாக்டர் முதலில் சந்தேகிப்பார். அப்படியே இடது வயிற்றுக் குழியில் உள்ளங்கையை ஒரு நிமிடம் வைத்துப் பார்த்து, இரைப்பை எத்தனை முறை புரள்கிறது என்று எண்ணி நோட்டில் குறித்துக்கொள்ளட்டும். ஒன்றிரண்டு முறை புரண்டால் சரி.

கடையில் கேட்டுக் குடற்புழு மருந்து வாங்கி ஊற்றிவிடாதீர்கள். எந்த மருந்து, எத்தனை கிலோவுக்கு எவ்வளவு என்பதை டாக்டர் சொல்ல வேண்டும், சினையாக இருந்தால் இன்னும் கவனம். வெளுத்திருந்தால் நாளைக் காலையே ஆட்டோடு மருந்தகத்துக்குப் போங்கள். அன்று விழுந்த புழுக்கையில் பத்துப் பதினைந்தை மூடிபோட்ட ஒரு சின்ன டப்பாவில் போட்டு மகள் கையில் கொடுத்துவிடுங்கள், டாக்டர் கேட்பார். பத்து நாள் நின்று பார்க்க அனுமதி கேட்பதையும் அதே நேரத்தில் கேட்டுவிடலாம்.